வாரம் ஒரு கேள்வி: வெள்ளிக்கிழமைக்குள் முடியாததை என்ன செய்கிறீர்கள்?

வேப்பமரத்தடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். என் அறையில் 23 பேர். அரசின் "எண்ணும் எழுத்தும்" திட்டக் கையேட்டின்படி தமிழ், ஆங்கிலம், கணக்கு எல்லாம் நடக்கிறது, அதில் குறையில்லை. ஜூனிலிருந்து கூடவே இன்னொன்றும் செய்து பார்க்கிறேன். மதியம் கடைசி நாற்பது நிமிடம் "இந்த வாரக் கேள்வி". திங்களன்று கேள்வியும் ஊகமும், செவ்வாய் முதல் வியாழன் வரை செய்து பார்ப்பது, வெள்ளியன்று கண்டதைச் சொல்வது.

முதல் வாரம் விதை. எது முளைக்கும் என்று கேட்டுப் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கொத்தமல்லி மூன்றையும் எடுத்து வைத்தேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், பொட்டுக்கடலை போட்டா மொளைக்குமா?" என்றான். அறையே சிரித்தது. நானும் சிரிக்கத்தான் போனேன். பிறகுதான் உறைத்தது, நான் கொண்டுபோன கேள்விக்கு எனக்கும் விடை தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவன் கேட்டதற்குத்தான் யாரும் பந்தயம் கட்ட முடியும். உடனே ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் துவரம்பருப்பையும் சேர்க்கச் சொன்னாள். ஐந்து சிரட்டை, ஐந்து ஈரத்துணி. பொட்டுக்கடலைக்கு மட்டும் புளியங்கொட்டையை வைத்து ஓட்டு எடுத்தோம். முளைக்கும் என்று 9, முளைக்காது என்று 14.

புதன்கிழமை பயறு முளைவிட்டது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கு வந்ததிலிருந்து பிள்ளைகள் எட்டரைக்கே வந்துவிடுகிறார்கள். நான் வருவதற்குள் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று கத்தினார்கள். வெள்ளிக்கிழமை நிலவரம்: பயறு நிமிர்ந்துவிட்டது, கொண்டைக்கடலை வேர் மட்டும் விட்டிருந்தது, பருப்பும் பொட்டுக்கடலையும் நாற்றம் எடுத்தன, கொத்தமல்லி அசையவே இல்லை. பயறையும் கடலையையும் வாசலில் ஊன்றிவிட்டு மற்ற மூன்றையும் கொட்டிவிட்டேன். அடுத்த வாரம் ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று கேட்கிறது: "கொத்தமல்லி பாஸா ஃபெயிலா டீச்சர்?" பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் வாரம் எது தண்ணீரை உறிஞ்சும் என்று. நன்றாகப் போனது, எழுத ஒன்றும் இல்லை. மூன்றாம் வாரம்தான் சிக்கல். ஒருத்தி எலுமிச்சைக் கிளையோடு ஒரு புழுவைக் கொண்டுவந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்கும் அந்தப் புழுவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இப்படி முடியாமல் நிற்கிற கேள்விகளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வாரம் என்ற கணக்கையே விட்டுவிடலாமா?

---

கம்பிப்பந்தல்

டீச்சருக்கு வணக்கம். ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது. முதலில் கொத்தமல்லி: அது ஃபெயில் இல்லை, நீங்கள்தான் அவசரப்பட்டீர்கள். கொத்தமல்லிக்கு எட்டு, பத்து நாள் வேண்டும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நாம் விதை என்று சொல்வது உண்மையில் காய். உள்ளே இரண்டு விதை உண்டு. செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டால் சீக்கிரம் வரும். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது. நான் அதில் முழுக்க ஊறியவன். பாட அட்டை, அட்டை அடுக்கும் தட்டு, அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணிப்படம், தரையில் பாய், குழந்தை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, மேலே பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். குழந்தை தன் வேகத்தில் ஏணியில் ஏறலாம் என்பதுதான் அதன் உயிர். எங்கள் பக்கத்தில் சில வருடத்தில் என்ன ஆனது தெரியுமா? அட்டை எண் தெரியும், அட்டையில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. "சார், நான் 47 முடிச்சிட்டேன்" என்பான். அட்டை முடிந்ததே தவிர விஷயம் உள்ளே போகவில்லை.

ஆனால் அந்த வகுப்பறையில் யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று இருந்தது: காலநிலை அட்டவணை. தினமும் ஒரு குழந்தை எழுந்து போய் இன்று வெயிலா, மேகமா, மழையா என்று குறிக்க வேண்டும். அது எந்த ஏணியிலும் கிடையாது. ஒரு வருடம் முழுக்கக் குறித்ததில், "சார், மழ பேஞ்ச மறுநாள் பெரும்பாலும் மேகந்தான் போட்டிருக்கோம்" என்று ஒரு பெண் வந்து சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. வாரத்தோடு முடித்துவிடும் கணக்கில் அது வந்திருக்காது.

---

வளமையத்தான்

ஆசிரியர் பயிற்றுநராகப் பத்து வருடம் சுற்றியவன். கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், மன்னிக்கவும்.

கேள்வி கேட்கும் வகுப்பு என்று நான் பார்த்தவற்றில் பாதியில் கேள்வி கேட்பது மூன்றே பேர்தான். டீச்சர் வகுப்பிலும் பொட்டுக்கடலைப் பையன், துவரம்பருப்புப் பெண், புழு கொண்டுவந்த பெண் என்று மூவர் தெரிகிறார்கள். மீதி இருபது பேர்? எண்ணும் எழுத்தும் 2022-23-ல் வந்ததே கொரோனாவுக்குப் பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் எழுத்துக்கூட்ட முடியாமல் நின்றதால்தான். அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் நிலையில் பிடித்து ஏற்றுகிறோம். அரும்பில் இருக்கும் குழந்தைக்கு அந்த நாற்பது நிமிடம் வாசிப்புக்குப் போனால் நல்லதா, புழு பார்க்கப் போனால் நல்லதா என்று நிஜமாகவே கேட்டுப் பாருங்கள்.

வாரத் திட்டம் ஆசிரியருக்கானது. அது இல்லாவிட்டால் ஆகஸ்டில் ஒரு நாள் திரும்பிப் பார்த்து "என்ன செய்தோம்" என்று முழிப்போம். நான் முழித்திருக்கிறேன்.

---

வேப்பமரத்தடி

சார், மூன்று பேர் விஷயம் சுட்டது. உண்மை. ஓட்டுப் போட்டபோது எல்லாரும் வந்தார்கள், கேள்வி என்றால் அந்த மூவர்தான். நாளையிலிருந்து கேள்வியை ஜோடி ஜோடியாகக் காதில் சொல்லச் சொல்லிப் பார்க்கிறேன்.

---

அடுக்குமாடி அப்பா

ஆசிரியர் அல்ல, இடையில் நுழைகிறேன். மகள் படிப்பது சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளி, பெயர் வேண்டாம். அங்கே எல்லாமே விசாரணைவழிக் கற்றல்தான் (கேள்வி கேட்டுத் தேடிக் கற்பது), ஆறு பெரிய கருப்பொருள்கள், ஒவ்வொன்றும் ஐந்தாறு வாரம் ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செயலியில் "இந்த வாரம் கற்றவை" என்று வண்ணப் படங்களோடு வந்துவிடும். சுவரில் ஒரு வியப்புச் சுவர், குழந்தைகளின் கேள்வி எல்லாம் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கும். பார்க்க அழகு.

தண்ணீர் பற்றிய பாடம் ஓடியபோது என் மகள், "நம்ம வீட்டுக்கு வர்ற லாரித் தண்ணி யாரோட தண்ணி?" என்று எழுதி ஒட்டினாள். எங்கள் அடுக்குமாடிக்கு வாரம் மூன்று லாரி வரும். ஆறு வாரமும் அந்தச் சீட்டு அங்கேயே இருந்தது. யாரும் தொடவில்லை. பாடம் முடிந்ததும் சுவரைக் கழற்றி, சீட்டை அவள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நீர்ச் சுழற்சி வரைபடம் மட்டும் பிரமாதமாக வரைவாள். நான் கட்டும் கட்டணத்தைச் சொன்னால் நீங்கள் எழுந்து நிற்பீர்கள், அதனால் சொல்லவில்லை.

டீச்சர் பொட்டுக்கடலையை நிஜமாகவே போட்டுப் பார்த்தார் என்று படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

---

கம்பிப்பந்தல்

அந்த லாரிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள் சார்.

ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் என்று 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கினார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கானது, நம் குட்டிகளுக்கு இல்லை. செய்து பார்த்துக் கற்பதுதான் முழுப் பாடமும். அதில் சவாலிராம் என்று ஒரு கற்பனை ஆள். பிள்ளைகள் தங்கள் கேள்விகளை அவருக்குக் கடிதமாக எழுதுவார்கள், பதில் வரும். பாடத்தில் இருக்கிறதா, இந்த வாரத்துக்கு உரியதா என்று யாரும் பார்ப்பதில்லை. 2002-ல் மாநில அரசு திட்டத்தையே மூடிவிட்டது, அது வேறு கதை. கேள்விக்கு ஒரு முகவரி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

டீச்சர், உங்கள் அறையில் ஒரு கம்பி இழுத்துக் கட்டுங்கள். முடிந்தது ஒரு பக்கம், முடியாதது மறுபக்கம் தொங்கட்டும். திங்கட்கிழமை புதுக் கேள்வி எடுக்கும் முன் முடியாத பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

---

வவுனியா ரீச்சர்

வணக்கம். தரம் 2 படிப்பிக்கிறேன். இங்கே இலங்கையில் 1997 கல்விச் சீர்திருத்தத்துக்குப் பிறகு சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. முதலாம் இரண்டாம் தரங்களில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும்தான் கூடிய இடம், இருந்து எழுதுகிற வேலை மேலே போகப் போகத்தான் கூடும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன்.

ஆனால் பெற்றோருக்குத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முதலாம் தரத்திலேயே கண்ணில் தெரியத் தொடங்கிவிடும். பிள்ளை கொப்பியில் என்ன எழுதினது என்றுதான் கேட்பினம். நான் கண்டுபிடித்த வழி ஒன்று: வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் கொப்பியில் விடை எழுதுவதில்லை. "நான் முதலில் நினைச்சது, இப்ப நினைக்கிறது" என்று இரண்டு வரி எழுதுவார்கள், எழுத ஏலாதவர்கள் இரண்டு படம் கீறுவார்கள். விடை வராவிட்டாலும் கொப்பி வெறுமையாக இருக்காது. தாய்மாருக்கும் ஆறுதல், எனக்கும் அடுத்த கிழமை எங்கே தொடங்குவது என்று தெரியும்.

---

பூச்சிப்பார்வை

எலுமிச்சைக் கிளை என்றதும் ஓடி வந்தேன். புழு பறவை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையாக இருந்ததா, பச்சையா? எச்சம் போல இருந்தால் இளம்புழு, கடைசித் தோல் உரித்த பிறகுதான் பச்சையாகும். பெரும்பாலும் எலுமிச்சை அழகியாக இருக்கும். கறிவேப்பிலையிலும் வரும். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும், அதனால் உங்கள் வெள்ளிக்கிழமைக் கணக்கு எடுபடாது.

செய்ய வேண்டியவை: தினமும் புது இலை. கிளையைத் தண்ணீர்ப் பாட்டிலில் செருகினால் பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் புழு இறங்கிப் போய்த் தண்ணீரில் விழும். மருந்து அடித்த தோட்டத்து இலை வேண்டவே வேண்டாம். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீட்டும், ஒரு வாடையும் வரும். பிள்ளைகள் ஒருமுறை பார்த்தால் போதும், தினமும் சீண்ட விடாதீர்கள்.

இன்னொன்று, முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்: வெளியிலிருந்து கொண்டுவந்த புழுக்கள் எல்லாமே வண்ணத்துப்பூச்சி ஆவதில்லை.

---

வேப்பமரத்தடி

பத்து நாள் கழித்து வருகிறேன், எமிஸ் (பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றுவது) வேலை ஆளைத் தின்றுவிட்டது.

எச்சம் மாதிரிதான் இருந்தது, ஐந்தாம் நாள் பச்சையானது. காலையில் வந்து பார்த்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய புழு ஓடிப்போய் வேறு புழு வந்துவிட்டது என்று சாதித்தார்கள். உரித்த தோல் எங்கே என்று தேடினோம், கிடைக்கவில்லை. அதுவும் கம்பியில் தொங்குகிறது. (கம்பி கட்டியாயிற்று ஐயா. முடியாத பக்கத்தில் இப்போது 11 சீட்டு.)

நூலால் புழுவின் நீளத்தை அளந்து, நூலை வெட்டி வரிசையாக ஒட்டினோம். ஒரு நாளைக்கு எத்தனை இலை தின்கிறது என்று எண்ணினோம். முதல் நாள் ஒன்றுகூட முழுசாக இல்லை, கடைசியில் 7. கணக்குப் பாடம் தானாகவே அதில் நுழைந்துகொண்டது. காதில் சொல்கிற ஏற்பாடும் பலித்தது, பேசவே பேசாத ஒருத்தி "புழு தூங்குமா" என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளைதான் எனக்குச் சொன்னது.

வளமையத்தான் சாருக்கு ஒரு சேதி. அரும்பு நிலையில் இருக்கும் பையன் ஒருவன் மற்றவர்கள் புழுவைச் சீண்டுகிறார்கள் என்று கோபப்பட்டு, அட்டையில் தானே எழுதி மாட்டிவிட்டான்: "தோடாதே". ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு ஆகிவிட்டது. திருத்தவா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

ஊரில் ஒரு பாட்டி "புழு வளர்க்கிற பள்ளிக்கூடம்" என்று பெயர் வைத்துவிட்டார்.

---

வளமையத்தான்

திருத்த வேண்டாம் டீச்சர். இரண்டு நாளில் மலர் நிலைப் பிள்ளை யாராவது திருத்தும், சண்டை வரும், அந்தச் சண்டையில் அவன் ஒகரம் ஓகாரம் கற்றுவிடுவான். என் பயிற்சியில் இவ்வளவு நல்ல பயிற்சித்தாள் நான் கொடுத்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் பதிவு செய்யுங்கள். நூலளவு, இலை எண்ணிக்கை, யார் என்ன எழுதினார் என்பது தேதியோடு இருக்கட்டும். பார்வைக்கு வருகிற அலுவலர் புழுவைப் பார்த்தால் முகம் சுளிப்பார், நோட்டைப் பார்த்தால் உட்கார்ந்து படிப்பார். குழந்தைக்கு வாரம் தேவையில்லை என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் தலைக்கு அது தேவை.

---

வேப்பமரத்தடி

ஐயோ, இன்று நடந்ததைக் கேளுங்கள். கூட்டுப்புழு ஆகி ஒன்பது நாள். இன்றைக்கோ நாளைக்கோ வண்ணத்துப்பூச்சி வரும் என்று எல்லாரும் படம் வரைந்து வைத்திருந்தார்கள். காலையில் வலைக்குள் பார்த்தால் குட்டிக் குட்டியாய் கொசு மாதிரி ஏதோ பறக்கிறது, டஜன் கணக்கில். கூட்டில் ஊசி முனையால் குத்தினது போல ஓர் ஓட்டை.

அறையில் மூன்று கட்சி. வண்ணத்துப்பூச்சி குட்டி போட்டுவிட்டது என்று ஒரு கட்சி. கொசு உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டது என்று இன்னொன்று. மூன்றாவது கட்சியில் ஒரே ஆள்தான், பொட்டுக்கடலைப் பையன்: "நாம கொண்டாந்தப்பவே உள்ள இருந்திருக்கும்." ஒரு பெண் அழுதுவிட்டாள். எனக்கே தொண்டை அடைத்தது. பூச்சி சார், இதுதானா நீங்கள் சொன்னது?

---

பூச்சிப்பார்வை

இதேதான் டீச்சர். கொசு இல்லை, குளவி இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணிகள், இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். சில இனங்கள் புழு கூட்டுப்புழுவாக மாறுகிற வரை பக்கத்திலேயே காத்திருந்து, கூடு இறுகுவதற்குள் உள்ளே முட்டையிட்டுவிடும். குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து ஓட்டை போட்டு வெளியே வரும். வேறு சில இனங்கள் புழுவாக இருக்கும்போதே முட்டையிடும். ஆகவே அந்தப் பையன் சொன்னதும் நடக்கிற காரியம்தான். உங்கள் கூட்டில் நடந்தது எது என்று படம் பார்க்காமல் சொல்லமாட்டேன். வலை எப்போது கட்டினீர்கள் என்பதில்தான் துப்பு இருக்கிறது.

---

அடுக்குமாடி அப்பா

இதை இப்போது பிள்ளைகளிடம் சொல்வீர்களா, மாட்டீர்களா? எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

---

வளமையத்தான்

சொல்லிவிட வேண்டும். ஆறு வயதுக் குழந்தை ஒட்டுண்ணிக் குளவியைத் தானே கண்டுபிடிக்கும் என்று காத்திருப்பது கற்பித்தல் இல்லை.

---

கம்பிப்பந்தல்

சொல்லலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். முதலில் வலை எப்போது கட்டினோம் என்று அவர்களே நோட்டைப் புரட்டட்டும்.

---

வவுனியா ரீச்சர்

அழுத பிள்ளையை முதல் பாருங்கோ. விடை ஓடிப்போகாது.

---

வேப்பமரத்தடி

எல்லாருக்கும் நன்றி. ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் செய்தேன்.

நோட்டில் வலை கட்டிய தேதி இருந்தது (வளமையத்தான் சார், உங்கள் புண்ணியம்). கூட்டுப்புழு ஆன மறுநாள்தான் கட்டியிருக்கிறோம். "அப்போ ஒரு ராத்திரி கதவு தொறந்து கெடந்துச்சு" என்றாள் துவரம்பருப்புப் பெண். பொட்டுக்கடலைப் பையன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. குளவி என்று நான்தான் சொன்னேன், பூதக்கண்ணாடியில் இறந்த ஒன்றைக் காட்டினேன். எப்போது முட்டையிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாதே. அழுதவள் கறிவேப்பிலைச் செடியில் இன்னொரு புழு கண்டுபிடித்துவிட்டாள். இந்தத் தடவை முதல் நாளே வலை வேண்டும் என்று உத்தரவு. என் பழைய சேலை ஒன்று போயிற்று.

கம்பிப்பந்தல் ஐயாவுக்குத் தனியாக: கொத்தமல்லி மறுபடி போட்டோம். ஒரு சிரட்டையில் முழுசு, இன்னொன்றில் நீங்கள் சொன்னபடி தேய்த்து உடைத்தது. உடைத்தது பத்தாம் நாள் வந்தது, முழுசு பதினொன்றாம் நாள். ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம்! "தாத்தா சொன்னது பாதி கரெக்ட்" என்று வகுப்பில் தீர்ப்பாகிவிட்டது. மன்னிக்கவும்.

---

கம்பிப்பந்தல்

தீர்ப்பு இருக்கட்டும். ஒவ்வொரு சிரட்டையிலும் எத்தனை போட்டீர்கள், எத்தனை முளைத்தது?

---

வேப்பமரத்தடி

எண்ணவில்லை ஐயா. ஒரு கை அள்ளிப் போட்டோம்.

கம்பியில் மாட்டியாயிற்று. திங்கட்கிழமை இருபது இருபதாக எண்ணிப் போடுகிறோம்.